ஒயில் லைட் மினுங்கினதுக்கு எஞ்சினையே மாத்தணுமா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, ரெண்டு கராஜ் குடுத்த எஸ்டிமேட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறா. பேரையும் வாகனத்தின்ட பேரையும் கராஜ் பேரையும் எடுத்துப்போட்டு சுருக்கமாச் சொல்லுறன். இவ டீச்சர், கணவர் கத்தார்ல, மூண்டு பிள்ளைகள், கூடவே மாமி. மாமியை ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகணும், அதுக்கெண்டே 2019ல 34 லட்சம் குடுத்து ஏழு பேர் இருக்கிற எஸ்யூவி ஒண்டு வாங்கியிருக்கிறாங்க. 2008 மொடல், 2.5 லீட்டர் காமன் ரெயில் டீசல், டர்போ, மீட்டரில இப்ப 186,000 கிலோமீற்றர்.

தைப்பொங்கல் காலத்திலிருந்து காலமை ஸ்டார்ட் பண்ணேக்க போனட்டுக்குள்ள 'சிக் சிக் சிக்' எண்டு ஒரு சத்தமாம். ஏசி போட்டா உள்ளுக்க டீசல் புகை மணக்குதாம். முதல் ஒரு நிமிசம் வெள்ளைப் புகை, கண் எரியும், பிறகு நிண்டிடும். ஒயில் மாத்தி ரெண்டு கிழமையில தார் மாதிரிக் கறுப்பாகுது. போன மாசம் கண்டியிலிருந்து திரும்பி வரேக்க கந்தளாயில தேத்தண்ணிக்கு நிப்பாட்டி, மாமிக்காக ஏசியை நிப்பாட்டாம எஞ்சினை ஓடவிட்டிருக்கிறா, அப்பதான் டாஷ்போட்ல சிவப்பு ஒயில் லைட் மினுங்கியிருக்கு. இறங்கி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தா ஒயில் அளவு சரி. கூலன்ட் போத்தல்ல மட்டும் கீழ்க்கோட்டுக்கும் கீழ. ஒரு போத்தல் தண்ணி ஊத்திப்போட்டு, ஒயில்தான் இருக்கே, பொழுதும் படுது, யானை ரோட்டுக்கு வர முதல் போயிடுவம் எண்டு மிச்சம் 40 கிலோமீற்றரையும் ஓட்டி வந்திட்டா. ஓடேக்க லைட் எரியேல்லையாம்.

முதலாவது கராஜ் பாஸ் சத்தத்தைக் கேட்டிட்டு "எஞ்சின் முடிஞ்சுது, ரெக்கண்டிஷன் எஞ்சின் போடுவம்" எண்டு 11 லட்சத்து 40 ஆயிரம் எழுதிக் குடுத்திருக்கிறார். ரெண்டாவது கராஜ், சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் நாலும் புதுசு போடணும் எண்டு 4 லட்சத்து 60 ஆயிரம். கணவர் போன்ல "எஞ்சினை மாத்தி அலுவலை முடி" எண்டுறார். கணவரின்ட தம்பி, ஒண்டும் செய்யாம, ஒருத்தருக்கும் சொல்லாம வித்திடுவம், கிண்ணியாவில ஒராள் 48 லட்சத்துக்குக் கேக்கிறார் எண்டுறார். "அண்ணா, நான் எதைச் செய்யட்டும்?" எண்டு கேட்டிருக்கிறா.

தங்கச்சி, நான் இருவத்தாறு வருஷமா டீசல் எஞ்சினோட கிடந்து உழைக்கிற ஆள், உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒண்டுதான் குத்திச்சு. 11 லட்சம் எண்டவரும் 4 லட்சம் எண்டவரும் வித்துப்போடு எண்டவரும், மூண்டு பேரில ஒருத்தரும் ஒண்டையும் அளந்து பாக்கேல்ல. காதால கேட்டாங்க, விலை போட்டாங்க. மாமியை டொக்டரிட்டக் கொண்டு போனா இருமலைக் கேட்டவுடன நெஞ்சைப் பிளப்பம் எண்டு சொல்லுவாரா, ரத்தம் எடுப்பார், எக்ஸ்ரே எடுப்பார். எஞ்சினுக்கும் அதே மாதிரி டெஸ்ட் இருக்கு, அதுவும் திருகோணமலையிலேயே செய்யலாம்.

நீங்க எழுதினதை மட்டும் வச்சுப் பாத்தா எனக்கு வாற சந்தேகம் இது. இந்த வகை எஞ்சின்ல ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில ஒரு சின்னக் கொப்பர் வாஷர் இருக்கும், நகத்தளவு வளையம். சிலிண்டருக்குள்ள எரியிற நெருப்பு மேல வராம அடைச்சு வச்சிருக்கிறது அதுதான். வருஷக்கணக்கில அது தேய்ஞ்சா, இல்லாட்டி ஆரும் இன்ஜெக்டரைக் கழட்டிப்போட்டு பழைய வாஷரையே திருப்பிப் போட்டா, ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் காஸ் பீறும். அதுதான் உங்கட 'சிக் சிக்'. அந்தக் காஸ் ஏசி இழுக்கிற காத்தோட சேர்ந்து உள்ள வருது, அதுதான் மணம். இன்ஜெக்டர் கவரைத் திறந்து பாத்தா சட்டி அடியில பிடிச்ச தொதல் மாதிரி கறுப்பா, கட்டியா, பளபளப்பா ஒட்டிக் கிடக்கும், ஸ்குரூ டிரைவரால கிண்டினாலும் லேசில வராது.

இதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. அந்தக் கரி கீழ ஒயிலுக்குள்ளயும் இறங்கும். இறங்கி, சம்ப் எண்டுற எஞ்சின் அடியில ஒயில் தேங்கிற சட்டிக்குள்ள, ஒயிலை உறிஞ்சிற குழாயின்ட வாயில இருக்கிற வலையில, நாங்க ஸ்ட்ரெயினர் எண்டுவம், அதில போய் அடையும். வலை அடைஞ்சா பம்ப்புக்கு ஒயில் காணாது. ஒயில் குறைஞ்சா முதல்ல பாதிக்கிறது எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளுற டர்போ, அடுத்தது கிராங்க் எண்டுற எஞ்சின் தண்டு சுத்துற பெயரிங். உங்கட வண்டி இந்தப் பாதையில எவ்வளவு தூரம் போயிட்டுது எண்டதுதான் கேள்வி, அதைச் சத்தம் கேட்டுச் சொல்ல ஏலாது.

அந்த ஒயில் லைட்

இதில உங்களில பிழை சொல்ல மாட்டன், பத்துப் பேரில ஒன்பது பேர் இப்பிடித்தான் நினைக்கிறது. அந்தச் சிவப்பு லைட் ஒயில் எவ்வளவு இருக்கு எண்டதைக் காட்டுற லைட் இல்ல. ஒயில் அமுக்கத்தைக் காட்டுறது. டாங்கி நிறையத் தண்ணி இருந்தும் மோட்டர் இழுக்காட்டி பைப்பில தண்ணி வராதுதானே, அதே கதை. டிப்ஸ்டிக்ல அளவு சரியா இருந்தும் லைட் எரியிறது இன்னும் மோசமான செய்தி, ஏனெண்டா ஒயில் இருக்கு, போகவேண்டிய இடத்துக்குப் போகேல்ல.

உங்களுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு. ஐட்லிங்கில, அதாவது வண்டி நிக்க எஞ்சின் மட்டும் மெல்லச் சுத்தேக்க மட்டும் மினுங்கி, ஓடேக்க அணைஞ்சிருக்கு, அதால வேகமாச் சுத்தேக்க கொஞ்சமாவது அமுக்கம் வந்திருக்கு. பெயரிங் அடிபட்டிருந்தா 'சிக் சிக்' போய் அடித்தொண்டையில இருந்து வாற மாதிரி 'டொக் டொக்' எண்டு கேட்கும், அக்சிலேட்டர் குடுக்கக் குடுக்கக் கூடும். அப்பிடி ஒண்டும் நீங்க எழுதேல்ல. அதால என்ட மனசு இந்த எஞ்சின் இன்னும் சாகேல்ல எண்டுதான் சொல்லுது, ஆனா மனசு சொல்லுறதுக்கு நான் உங்களிட்டக் காசு கட்டச் சொல்லமாட்டன், அளந்து பாப்பம்.

இப்பயிருந்து அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஸ்கூலுக்கும் கடைக்கும் கொண்டு போகாதீங்க. கராஜுக்கும் ஓட்டிக்கொண்டு போகாம லொறியில ஏத்தி அனுப்புங்க. "தடிச்ச ஒயில் ஊத்தினா லைட் நிக்கும்" எண்டு ஆரும் சொன்னா, ஓம் லைட் நிக்கும், அடைப்பு அப்பிடியே கிடக்கும், தடிச்ச ஒயில் அடைஞ்ச வலையால இன்னும் கஷ்டப்பட்டுத்தான் போகும்.

முள்ளு நடுவில நிண்டது

டெம்பரேச்சர் முள்ளு நடுவைத் தாண்டவே இல்ல, அதால எஞ்சின் சூடாகேல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. இந்தக் காலத்து வண்டியள்ல அந்த முள்ளை நம்பேலாது, கனக்க கொம்பனியள் ஓட்டுறவர் பயப்படக்கூடாது எண்டு ஒரு பெரிய இடைவெளிக்குள்ள முள்ளு நடுவிலயே நிக்கிற மாதிரித்தான் செஞ்சு வச்சிருக்கு. அது எழும்பேக்க காரியம் முடியிற கட்டம். கூலன்ட் நல்லாக் குறைஞ்சா இன்னொரு கூத்தும் நடக்கும், சென்சர் தண்ணிக்குள்ள இல்லாம வெறும் ஆவியில நிக்கும், உள்ள கொதிக்கேக்கயும் முள்ளு பதிஞ்சு கிடக்கும்.

கூலன்ட் ஏன் குறைஞ்சது எண்டது தனிக் கேஸ், இன்ஜெக்டர் கதையோட அதைக் குழப்பாதீங்க. ரேடியேட்டர் வாயில ஒரு கைப்பம்ப் பூட்டி, மூடியில எழுதியிருக்கிற அமுக்கம் வரைக்கும் அடிச்சுப்போட்டு கால் மணித்தியாலம் பாக்கணும். அமுக்கம் இறங்கி வெளியில ஈரம் தெரிஞ்சா ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், இதில ஒண்டு. இறங்கியும் வெளியில ஒரு சொட்டும் காணேல்ல எண்டாத்தான் ஹெட் கேஸ்கட், இல்லாட்டி திரும்ப எஞ்சினுக்குள்ள போற புகையைக் குளிராக்கிற ஈஜிஆர் கூலர் எண்டு யோசிக்கணும், அதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு, ரேடியேட்டர்ல வாற ஆவியை ஒரு நீலத் தண்ணிக்குள்ளால விட்டா, எரிஞ்ச காஸ் கலந்திருந்தா அதின்ட நிறம் மாறும். உங்கட வெள்ளைப் புகை கண் எரியுது, டீசல் மணக்குது எண்டதால அது எரியாத டீசலாத்தான் இருக்கும். கூலன்ட் எரிஞ்சா ஒரு இனிப்பு மணம் வரும்.

இன்னொண்டு, கடிதத்தில போற போக்கில எழுதியிருக்கிறீங்க, எப்பவும் வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் ஊத்திறது எண்டு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற கிணறு தங்கச்சி, அந்தத் தண்ணியில கேத்தில் அடியில வெள்ளையாப் படியிறதைக் காணுவீங்க, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியுது, உப்பு அலுமினியத்தையும் தின்னும். கூலன்ட் நிறம் குடுக்கிறதுக்கு ஊத்துறதில்ல, துருப்பிடிக்காமக் காக்கிறதும் கொதிநிலையைக் கூட்டுறதும் அதுதான். பற்றிக்கு ஊத்துற தண்ணி மாதிரி வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

2022ல கியூவில நிண்டு கானில வாங்கி வச்ச டீசல் ஊத்தினதால இப்பிடி வந்திருக்குமோ எண்டும் கேட்டீங்க. அந்த டீசல்ல தண்ணி இருந்திருந்தா அப்பவே இழுபட்டு நிண்டிருக்கும். டீசல் பில்டரை மாத்தி, அடியில தேங்கிற தண்ணியை வடிச்சு விடச் சொல்லுங்க, அது காணும். ஏலுமெண்டா இனி சூப்பர் டீசல் அடியுங்க, காமன் ரெயிலுக்குக் கந்தகம் குறைஞ்ச டீசல்தான் ஒத்துக்கொள்ளும்.

ரெக்கண்டிஷன் எண்டா புதுசில்ல

கணவருக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க. எங்கட ஊரில ரெக்கண்டிஷன் எஞ்சின் எண்டா வெளிநாட்டில கழட்டின ஒரு பாவிச்ச எஞ்சினை இறக்கி, கழுவி, பெயின்ட் அடிச்சு வச்சிருக்கிறது, கொழும்பு பஞ்சிகாவத்தையில நிரையா நிக்கும் பாருங்க. ஒருத்தரும் அதைத் திறந்து பிஸ்டன் ரிங் மாத்தி வச்சிருக்கிறதில்ல. உங்கட எஞ்சினுக்கு வந்த அதே வருத்தம், அதே வாஷர், அதே அடைஞ்ச ஸ்ட்ரெயினர் அதுக்குள்ளயும் இருக்கலாம், அது எத்தினை கிலோமீற்றர் ஓடினது எண்டும் உங்களுக்குத் தெரியாது. எஸ்டிமேட்டில எஞ்சினுக்கு 6 லட்சத்து 80 ஆயிரம், கூலி 1 லட்சத்து 75 ஆயிரம், டர்போ 1 லட்சத்து 30 ஆயிரம், ஹோஸ் பெல்ட் சாமான் 95 ஆயிரம், ஒயில் பில்டர் கூலன்ட் 60 ஆயிரம் எண்டு இருக்கு. வாற எஞ்சின்ல டர்போ இருக்குமா இல்லையா எண்டு ஒரு சொல்லு இல்ல. கரன்டி எண்ட சொல்லே இல்ல.

பேப்பர் அலுவலும் இருக்கு. உங்கட சீஆர் எண்டுற வாகனப் பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் அடிச்சிருக்கு. எஞ்சினை மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு, புது எஞ்சின் வந்த பேப்பர்களையும் காட்டி நம்பரைப் பதிய வைக்கணும். செய்யாம விட்டா விக்கேக்கயும் இன்சூரன்ஸ் கேக்கேக்கயும் மாட்டுவீங்க. அதோட இன்சூரன்ஸ் முழுசாத்தானே போட்டிருக்கு, அது இதுக்குக் குடுக்குமோ எண்டு கேட்டிருந்தீங்க. தேய்மானத்தால வாற எஞ்சின் பழுதுக்கு வழமையாக் குடுக்கிறதில்ல.

நாலு இன்ஜெக்டரும் புதுசு போடுற மற்ற எஸ்டிமேட்டில பாதி நியாயம் இருக்கு. இன்ஜெக்டர் பக்கம் பிழை இருக்கு எண்டு கண்டுபிடிச்சிருக்கிறார், ஆனா ஸ்ட்ரெயினரைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்ல. 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு இன்ஜெக்டரைப் போட்டிட்டு, அடைஞ்ச வலையோட ஓடினா ரெண்டு மாசத்தில பெயரிங் போகும், அப்ப முதலாவது எஸ்டிமேட்டும் சேர்ந்து வரும். இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பெஞ்சில போட்டா எது நல்லது எது கெட்டது எண்டு தனித்தனியாத் தெரியும், கெட்டதை மட்டும் மாத்தலாம். சில எஞ்சின்ல புது இன்ஜெக்டரின்ட தலையில இருக்கிற கோட் நம்பரை ஸ்கேனரால எஞ்சின் கொம்பியூட்டருக்கு அடிக்கவும் வேணும், அது இல்லாட்டி புதுசு போட்டும் நடுங்கும். வாஷர் ஒண்டு ஒரு சோத்துப் பார்சல் காசு. அது இருக்கிற இடத்தைக் கரி போகச் சுரண்டி மட்டப்படுத்திறதுதான் வேலை, அதுக்கு வேற கட்டர் இருக்கு, அது இல்லாத பாஸிட்டக் குடுக்காதீங்க.

நான் செய்விக்கச் சொல்லுறது

வரிசை முக்கியம். முதல்ல ஒயில் பில்டரைக் கழட்டி, தகரத்தை வெட்டி, உள்ள இருக்கிற பேப்பர் மடிப்பை வெளியில எடுத்து வெயில்ல விரிச்சு உங்களுக்குக் காட்டச் சொல்லுங்க. கறுப்புக் குறுணி மட்டும் இருந்தா அது கரி. மடிப்புக்குள்ள பொன்னிறமாவோ வெள்ளியாவோ மினுமினு எண்டு இருந்தா அது பெயரிங்கின்ட தோல், காந்தத்தில ஒட்டாது. ஒட்டினா இரும்பு, அதுவும் நல்லதில்ல.

பிறகு சம்ப்பைக் கழட்டி ஸ்ட்ரெயினரைப் பாக்கணும். ஒரு பெயரிங் மூடியையும் கழட்டிப் பாத்திட்டா சந்தேகம் தீரும். நல்லாயிருந்தா ஸ்ட்ரெயினரைக் கழுவாம புதுசே போட்டு, டர்போவுக்கு ஒயில் போற பைப்பையும் பாத்து, வாஷர் நாலும் மாத்தி, புது ஒயில் விட்டு, மீட்டர் பூட்டி ஒயில் அமுக்கம் அளக்கணும், சூடான எஞ்சின்ல ஐட்லிங்கிலயும் நிமிசத்துக்கு 2000 சுத்திலயும். கடைசியா கொம்ப்ரஷன், சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அமுங்குது எண்ட அளவு. அதில நாலு சிலிண்டரும் ஒண்டுக்கொண்டு கிட்ட நிக்குதா எண்டதுதான் பாக்கவேண்டியது, ஒண்டு மட்டும் விழுந்திருந்தா அங்கதான் பிழை.

இதெல்லாம் சேர்த்தும் முதலாவது எஸ்டிமேட்டில பத்தில ஒரு பங்குக்கு மேல போகாது எண்டுதான் நான் கணக்குப் போடுறன், இன்ஜெக்டர் வாங்கிறதெண்டா அது வேற. பில்டர்ல மினுக்கம் இருந்து, பெயரிங்கும் கீறுபட்டிருந்தா அப்ப நானும் முதலாவது பாஸோட நிக்கிறன், ஆனா வேற எஞ்சின் போடுறதை விட உங்கட எஞ்சினையே ஓவர்ஹோல் செய்யிறது நல்லம், கிராங்கை லேத்தில குடுத்து அரைச்சு, அதுக்கேத்த பெயரிங் போட்டு. நாள் கூடப் போகும், உள்ள என்ன இருக்கு எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எஞ்சின் நம்பரும் மாறாது.

சொல்லாம விக்கிற கதை

தம்பியில கோவிக்காதீங்க, 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதிலிருந்து பழைய வண்டியளுக்கு ஏறின விலையைப் பாத்தா ஆருக்கும் ஆசை வரும். ஆனா 2025 பெப்ரவரியிலிருந்து திரும்ப இறக்கிறாங்க, வாங்கிறவங்க முந்தி மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிறதில்ல, ஸ்கேனரோட மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் வருவாங்க. நான் லோயர் இல்ல, எண்டாலும் எனக்குத் தெரிஞ்ச அளவில, பழுது தெரிஞ்சும் மறைச்சு வித்தா வாங்கினவர் வழக்குக்குப் போக வழி இருக்கு, உங்களிட்ட ரெண்டு எஸ்டிமேட் எழுத்தில இருக்கு, தெரியாது எண்டு சொல்லவும் ஏலாது. அதை விட, அவரும் ஒரு மாமியை ஏத்திக்கொண்டு இருட்டில ஹபரணைக் காட்டுக்குள்ளால வரக்கூடும். விக்கிறதெண்டா டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டி, விலையைக் குறைச்சு வில்லுங்க. செஞ்சு முடிச்சு பில்லோட வித்தா விலை இன்னும் நல்லா வரும் எண்டது என்ட எண்ணம்.

கராஜில கதைக்கேக்க

பொம்பிளை தனிய வந்தா பாஸ்மார் கணவரோட போன்ல கதைக்கத்தான் பாப்பாங்க, உங்கட கடிதத்திலயும் அப்பிடித்தான் நடந்திருக்கு. வண்டியை ஓட்டுறது நீங்க, சத்தத்தைக் கேட்டது நீங்க, நீங்களே கதையுங்க. எனக்குக் கேக்காம ஒண்டும் கழட்டக்கூடாது, கழட்டின சாமானெல்லாம் எனக்குத் திருப்பி வேணும், சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனி பில் வேணும், இந்த மூண்டையும் எஸ்டிமேட் பேப்பரிலயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க. பில் தரமாட்டம், பில் எண்டா வற் 18 வீதம் கூடும் எண்டு வெருட்டுவாங்க, சின்னக் கராஜ் கனக்க வற் பதிஞ்சதே இல்ல, பதியாத ஆள் வற் வாங்கேலாது. வேலை பிழைச்சா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், போன் 1977, ஆனா எழுத்தில மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கணும், பில் இல்லாட்டி அங்க போய் நிண்டும் சரிவராது.

அடுத்த கிளினிக் திகதிக்கு பஸ்ஸோ வாடகை வேனோ பாருங்க, ஒரு பயணத்துக்கு அவசரப்பட்டு ஓட்டாதீங்க. எந்தக் கராஜுக்குக் குடுத்தாலும் வண்டியை முதல் நாள் பின்னேரமே இறக்கி விட்டிட்டு, அடுத்த நாள் காலமை அவங்க கை வைக்க முதல் போய் நில்லுங்க. போனட்டுக்கு மேல கையை வச்சுப் பாருங்க, குளிரா இருக்கணும், ஏனெண்டா அந்தச் 'சிக் சிக்' குளிர்ந்த எஞ்சின்லதான் வடிவாக் கேக்கும், சூடாகினா வாஷர் விரிஞ்சு பாதி அடைச்சிடும், பாஸும் சத்தம் ஒண்டும் இல்லையே எண்டு சொல்லிடுவார். சூடா இருந்தா அண்டைக்கு வேலை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்க. பில்டரை வெட்டினாப் பிறகு அந்தப் பேப்பரை வெயில்ல வச்சு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.